வடோ 1: செம்பு கிடைத்ததும் காலண்டரை மாற்றிய அரசு

ஜப்பான் வரலாறு பற்றிப் பேச்சு வந்தால் "வடோ சகாப்தம்", "நாரா சகாப்தம்", "மெய்ஜி சகாப்தம்" என்று எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறோம். கேட்பவர் வடோ என்று ஒரு பேரரசர் இருந்ததாகவும், அவர் போனபிறகு அடுத்தவர் வந்ததாகவும் நினைத்துக்கொள்கிறார். அப்படி ஒரு பேரரசரே கிடையாது. கி.பி. 708-இல் ஒரு மலைப்பகுதியில் நல்ல செம்பு கிடைத்தது, அந்தச் செய்தி தலைநகருக்கு வந்தது, உடனே அரசு ஆண்டுக் கணக்கை முதலிலிருந்து தொடங்கி அதற்கு வடோ (ஜப்பானின் செம்பு என்று பொருள்) என்று பெயர் வைத்தது. வெறும் ஏழரை ஆண்டுக்காலம் ஓடிய கணக்கு அது. ஆனால் பழைய ஜப்பானில் ஆண்டுக் கணக்கு எப்படி இயங்கியது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

முதலில் குழப்பத்தைப் பிரிப்போம்

நாம் "காலம்", "சகாப்தம்" என்று சொல்லும் இடத்தில் ஜப்பானில் குறைந்தது மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, நாரா காலம், ஹெய்யன் காலம் போன்றவை. இவை வரலாற்று ஆசிரியர்கள் பிற்காலத்தில் வைத்த பெயர்கள். 710 முதல் 794 வரை நாரா காலம் என்கிறோம், தலைநகர் பெரும்பாலும் அங்கே இருந்ததால். அன்றைக்கு வாழ்ந்த யாரும் "நான் நாரா காலத்தில் வாழ்கிறேன்" என்று சொல்லியிருக்க மாட்டார்.

இரண்டாவது, ஒரு பேரரசர் அரியணையில் இருந்த ஆட்சிக்காலம்.

மூன்றாவதுதான் நம் விஷயம், நெங்கோ. அரசு அதிகாரப்பூர்வமாக அறிவித்து, அந்த நாளிலிருந்து 1, 2, 3 என்று ஆண்டுகளை எண்ணுவதற்காக வைக்கும் பெயர் நெங்கோ. வடோ ஒரு நெங்கோ. இன்றைய ரெய்வாவும் ஒரு நெங்கோதான்.

நான்காவதாக ஒன்றும் உண்டு, சும்மா சொல்லிவைக்கிறேன். புராண கால முதல் பேரரசர் ஜிம்மு கி.மு. 660-இல் அரியணை ஏறினார் என்று வைத்துக்கொண்டு ஒரே நேர்கோட்டில் எண்ணுகிற கணக்கு. அதை அரசு ஏற்றது 1870-களில்தான். அதற்கும் வடோவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

நெங்கோ எப்படி வேலை செய்கிறது

வீடுகளில் பெரியவர்கள் ஆண்டை எப்படிச் சொல்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். "புயல் அடிச்ச வருஷம்", "வீடு கட்டி மூணாவது வருஷம் பெரியவள் பிறந்தா". அங்கே எண் தனியாக நிற்பதில்லை, ஒரு நிகழ்ச்சியில் தொங்குகிறது. எல்லோருக்கும் நினைவில் நிற்கிற பெரிய நிகழ்ச்சி இன்னொன்று வந்தால் எண்ணிக்கை அங்கிருந்து மறுபடி தொடங்கும்.

நெங்கோவின் அடிப்படையும் இதேதான். ஆனால் வீட்டில் யார் வேண்டுமானாலும் எந்த நிகழ்ச்சியிலிருந்தும் எண்ணலாம். ஜப்பானிலோ எந்த நிகழ்ச்சி முக்கியம், எந்த நாளிலிருந்து எண்ண வேண்டும், அதற்கு என்ன பெயர் என்பதை அரசவை தீர்மானித்தது, பிறகு நாடு முழுக்க வரி ரசீது முதல் நிலப் பதிவு வரை அந்தப் பெயரில்தான் தேதி போட வேண்டும் என்று சட்டம் சொன்னது. இப்படிப் பழைய பெயரை நிறுத்திப் புதிய பெயரை அறிவிப்பதற்குக் கைகென் என்று பெயர்.

இந்த யோசனை சீனாவிலிருந்து வந்தது. ஹான் வம்சத்துப் பேரரசர் வூ காலத்திலேயே, கி.மு. இரண்டாம் நூற்றாண்டில், இது அங்கே வேரூன்றிவிட்டது. நிலத்தையும் மக்களையும் ஆள்கிறவர் காலத்தையும் ஆள்கிறார் என்பதுதான் அதன் உட்பொருள். அதனால் யாருடைய நெங்கோவை ஒரு நாடு பயன்படுத்துகிறது என்பது அரசியல் கேள்வி. கொரியத் தீபகற்பத்தின் சில்லா அரசு ஆறாம் நூற்றாண்டில் சொந்தமாக நெங்கோ வைத்துக்கொண்டிருந்தது. 650-இல் அதைக் கைவிட்டு, சீனாவின் தாங் வம்சத்து ஆண்டுக் கணக்கை ஏற்றுக்கொண்டது. தாங் பேரரசின் தயவு அதற்குத் தேவைப்பட்டது. ஜப்பான் கடைசிவரை அப்படிச் செய்யவில்லை. சீனாவுக்குத் தூதர்களை அனுப்பியது, சட்டங்களைப் பார்த்து எழுதியது, தலைநகர் வரைபடத்தைக்கூடப் பின்பற்றியது, ஆனால் ஆண்டுக்குப் பெயர் மட்டும் தானே வைத்துக்கொண்டது.

முதல் நெங்கோ தைக்கா, 645. அரசவையில் செல்வாக்கு மிகுந்த சோகா குடும்பத்து இருகாவை அரண்மனையிலேயே வெட்டிக் கொன்று அதிகாரத்தைக் கைப்பற்றிய உடனே அறிவிக்கப்பட்டது. 650-இல் ஹகுச்சி. அதன்பிறகு பெரிய இடைவெளி, 686-இல் ஷுச்சோ என்று ஒன்று வந்து உடனே மறைந்தது, மறுபடி இடைவெளி. 701-இல் தைஹோ வந்த பிறகுதான் சங்கிலி அறுபடாமல் ரெய்வா வரை தொடர்கிறது. அதே 701-இல் முடிக்கப்பட்ட தைஹோ சட்டத்தொகுப்புதான் அரசு ஆவணங்களில் நெங்கோவைக் கட்டாயமாக்கியது.

இதற்கு மண்ணுக்கடியிலிருந்தே சாட்சி கிடைத்திருக்கிறது. நாராவுக்கு முந்தைய தலைநகரான ஃபுஜிவாராவின் அரண்மனை இருந்த இடத்தில் ஏராளமான மரச்சீட்டுகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள், வரிப்பொருள் மூட்டைகளில் கட்டிவிட்ட முகவரிச் சீட்டுகள் மாதிரியானவை. 701-க்கு முந்தைய சீட்டுகளில் ஆண்டை 60 பெயர்கள் சுழன்று வரும் வட்டத்தில் குறித்திருக்கிறார்கள் (பிரபவ, விபவ என்று கேட்டுப் பழகியவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது). 1967-இல் கிடைத்த ஒரு சீட்டு 699-ஆம் ஆண்டை அப்படித்தான் சொல்கிறது. 701-இலிருந்து நெங்கோ வந்துவிடுகிறது. அதாவது தைக்கா, ஹகுச்சி எல்லாம் அரசவையில் முழங்கியிருக்கலாம், மூட்டை கட்டுகிறவன் கைக்கு நெங்கோ வந்து சேர்ந்தது சட்டத்துக்குப் பிறகுதான்.

இதுவரை சுருக்கமாக: நெங்கோ ஒரு அரச அறிவிப்பு. அது பேரரசரின் பெயரும் அல்ல, வரலாற்று ஆசிரியர் வைத்த பெயரும் அல்ல. 645-இல் தொடங்கினாலும் 701-க்குப் பிறகுதான் தடையில்லாமல் ஓடுகிறது.

வெள்ளைப் பறவை, மேகம், ஆமை

சரி, கைகென் எப்போது நடக்கும்? புதிய பேரரசர் வந்தால் நடக்கும். பிற்காலத்தில் கொள்ளைநோய், நிலநடுக்கம், தீவிபத்து வந்தாலும் "பழைய பெயர் ராசியில்லை" என்று மாற்றினார்கள். ஆனால் நாம் பேசும் ஆரம்ப காலத்தில் முக்கியக் காரணம் நற்சகுனம். ஆட்சி நன்றாக நடந்தால் வானம் அதை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக அபூர்வமான ஒன்றை பூமியில் காட்டும் என்ற நம்பிக்கை, இதுவும் சீனாவிலிருந்து வந்ததுதான்.

பட்டியலைப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். ஹகுச்சிக்குக் காரணம் நாகாதோ பகுதியிலிருந்து கொண்டுவந்த ஒரு வெள்ளை ஃபெசன்ட் பறவை. தைஹோவுக்குக் காரணம் சுஷிமா தீவில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட தங்கம். 704-இன் கெய்யுன் மங்கலமான மேகம் தெரிந்ததால். 715-இன் ரெய்கி ஆமையால், 724-இன் ஜின்கியும் ஆமையால், 729-இன் தென்பியோ முதுகில் எழுத்துகள் இருந்த இன்னொரு ஆமையால். எட்டாம் நூற்றாண்டு ஜப்பானில் ஆமைகளுக்கு நல்ல எதிர்காலம் இருந்திருக்கிறது.

இதை வெறும் மூடநம்பிக்கை என்று சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் அப்படிப் போனால் இயங்குமுறையைக் கோட்டைவிடுவோம். சகுனங்களுக்குச் சட்டத்தில் தரவரிசை இருந்தது. மிக உயர்ந்த சகுனம் என்றால் உடனே பேரரசருக்குத் தெரிவிக்க வேண்டும், மற்றவற்றைத் துறையிடம் பதிவு செய்துவிட்டுப் புத்தாண்டு நாளில் சேர்த்துச் சொன்னால் போதும். சகுனத்துக்கும் கோப்பு உண்டு, படிநிலை உண்டு. கண்டுபிடித்துக் கொடுத்தவருக்கு வெகுமதி, பதவி. அப்புறம் என்ன நடக்கும்? சகுனங்கள் வந்துகொண்டே இருக்கும். சுஷிமா தங்கம் ஒரு மோசடி என்று பின்னால் தெரியவந்ததை அரசின் சொந்த வரலாற்று நூலான ஷோகு நிஹோங்கியே பதிவு செய்திருக்கிறது. அதற்காகத் தைஹோ என்ற பெயரை யாரும் திரும்பப் பெறவில்லை.

708: எந்த நேரத்தில் வந்த செம்பு

இப்போது வடோவுக்கு வருவோம். 707-இல் பேரரசர் மொம்மு இளம் வயதில் இறந்துபோனார். அவருடைய மகனுக்கு அப்போது ஆறேழு வயது. வேறு இளவரசர்கள் இருந்தார்கள், ஆனால் அரியணை அவர்கள் பக்கம் போய்விட்டால் இந்தச் சிறுவனுக்குத் திரும்பி வருமா என்பது சந்தேகம். அதனால் மொம்முவின் தாயே அரியணை ஏறினார், அவர்தான் பேரரசி கென்மெய். பெண்கள் அரியணை ஏறுவது அன்றைக்குப் புதிதல்ல, ஆனால் அதுவரை ஏறிய பேரரசிகள் பேரரசர்களின் மனைவியராக இருந்தவர்கள். கென்மெயின் கணவர் குசகபே இளவரசராகவே இறந்துவிட்டவர். மகனுக்குப் பிறகு தாய் என்பது இதுவரை பார்க்காத வரிசை.

இப்படிப்பட்ட நேரத்தில், மறு ஆண்டு முதல் மாதத்திலேயே, முசாஷி பகுதியின் சிச்சிபுவிலிருந்து செம்பு வந்து சேர்கிறது. உருக்கிச் சுத்தம் செய்யத் தேவையில்லாத அளவுக்கு இயற்கையிலேயே தூய்மையான செம்பு. கென்மெயின் ஆணை, வானத்துத் தெய்வங்களும் பூமித் தெய்வங்களும் சேர்ந்து அருளியதால் வெளிப்பட்ட புதையல் இது என்று அறிவித்தது. கெய்யுன் 5-ஆம் ஆண்டு, முதல் மாதம், 11-ஆம் நாள். அன்றோடு கெய்யுன் முடிந்தது, வடோ 1 தொடங்கியது. வானமே ஒப்புக்கொண்ட பிறகு பாட்டி அரியணையில் உட்காரலாமா என்று யார் கேட்பது?

கைகென் வெறும் பெயர் மாற்றத்தோடு நிற்காது. பொதுமன்னிப்பு வந்தது, அதிகாரிகளுக்குப் பதவி உயர்வு வந்தது, 80 வயதைத் தாண்டிய முதியவர்களுக்கு அரசு நெல் கொடுத்தது, 90, 100 என்று வயது ஏற ஏற அளவும் ஏறியது. செம்பு வந்த முசாஷிக்கு அந்த ஆண்டு உழைப்புக்கு ஈடாகக் கட்ட வேண்டிய வரி தள்ளுபடி, சிச்சிபுவுக்கு விளைபொருள் வரியும் சேர்த்துத் தள்ளுபடி. நாட்டின் மூலையில் இருக்கும் ஒரு விவசாயிக்குப் "புது ஆண்டுப் பெயர்" என்பது இப்படித்தான் போய்ச் சேர்ந்திருக்கும்: சிறையிலிருந்த உறவினர் வெளியே வந்தார், தாத்தாவுக்கு நெல் கிடைத்தது.

அடுத்தடுத்து நடந்ததைப் பாருங்கள். முதல் மாதம் செம்பு. இரண்டாம் மாதம் தலைநகரை ஹெய்ஜோவுக்கு, அதாவது இன்றைய நாராவுக்கு, மாற்றப்போவதாக ஆணை. ஐந்தாம் மாதம் வெள்ளிக்காசு வெளியீடு. எட்டாம் மாதம் செப்புக்காசு. ஒரு பெரிய நகரத்தைக் கட்ட வேண்டும், கட்டுகிறவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும், அதற்குக் காசு வேண்டும், காசுக்குச் செம்பு வேண்டும். சகுனம் வந்ததால் திட்டம் பிறந்ததா, திட்டம் இருந்ததால் சகுனம் தேவைப்பட்டதா? என் கணிப்பு இரண்டாவதின் பக்கம்தான், மொம்மு காலத்திலேயே தலைநகர் மாற்றம் பற்றி ஆலோசிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதால்.

சுருக்கமாக: வடோ என்ற பெயர் ஒரே கல்லில் பல காரியங்களைச் செய்தது. புதிய பேரரசிக்கு வானத்தின் ஒப்புதல், மக்களுக்குச் சலுகை, காசுக்கும் தலைநகருக்கும் முன்னறிவிப்பு.

காசை வெளியிட்டால் போதுமா

அந்தக் காசில் நான்கு சீன எழுத்துகள், நடுவில் சதுர ஓட்டை. முதல் இரண்டு எழுத்துகள் வடோ. இதுதான் ஜப்பானின் முதல் காசு என்று நிறையப் பேர் இன்னும் எழுதுகிறார்கள். 1990-களின் இறுதியில் அசுகாவில் ஒரு பழைய பட்டறையைத் தோண்டியபோது ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த ஃபுஹோன் காசுகள் வார்ப்பு மிச்சங்களோடு கிடைத்தன, அதனால் "முதல்" என்ற பட்டம் இப்போது வடோ காசுக்குச் செல்லாது. பரவலாக ஓடவிட வேண்டும் என்று அரசு மெனக்கெட்டது வடோ காசுக்குத்தான் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

மெனக்கெட்டது என்றால் சாதாரணமாக அல்ல. நெல்லும் துணியும் கொடுத்து வாங்கிப் பழகிய மக்கள் செம்புத் துண்டை எதற்கு நம்ப வேண்டும்? 711-இல் ஒரு காசுக்கு ஆறு ஷோ தானியம் என்று அரசு விலை நிர்ணயித்தது (ஷோ என்பது ஒரு கொள்ளளவு). அதே ஆண்டு ஒரு விசித்திரமான ஆணை: கீழ்நிலை அதிகாரிகள் 10,000 காசு சேர்த்துக் காட்டினால் பதவியில் ஒரு படி ஏறலாம், 20,000 என்றால் இரண்டு படி. காசு கைமாற வேண்டும் என்று விரும்பிய அரசே காசைப் பெட்டியில் பூட்டி வைக்கக் காரணமும் கொடுத்துவிட்டது! இந்த ஆணையை ஒருவழியாக ரத்து செய்தது 800-இல். கள்ளக்காசு வார்த்தவனுக்குத் தலை போகும் தண்டனை, குடும்பத்துக்கு நாடுகடத்தல். அப்படியும் கள்ளக்காசு நிற்கவில்லை.

வடோவின் மற்ற ஆண்டுகள்

வடோ 3, அதாவது 710-இல், தலைநகர் நாராவுக்கு மாறியது. முந்தைய தலைநகரான ஃபுஜிவாராவுக்கு வயது வெறும் 16.

வடோ 5-இன் முதல் மாதத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அந்த மாதம் 28-ஆம் நாள் ஓ நோ யசுமரோ என்ற அதிகாரி கொஜிகி என்ற நூலைப் பேரரசியிடம் கொடுத்தார். தெய்வங்களின் பிறப்பு முதல் பேரரசர்களின் பரம்பரை வரை சொல்லும் அது, இன்று நம் கையில் இருக்கும் ஜப்பானிய நூல்களில் மிகப் பழையது என்று பொதுவாகச் சொல்லப்படுவது. வடோ என்றதும் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். அதே மாதத்தில் இன்னொரு ஆணையும் இருக்கிறது. கட்டாய வேலைக்கு வந்த பல பகுதி மக்கள் ஊர் திரும்பும் வழியில் சாப்பாடு தீர்ந்து பாதையோரங்களில் விழுந்து கிடக்கிறார்கள், அதிகாரிகள் அவர்களுக்கு உணவு கொடுக்க வேண்டும், இறந்தவர்களைப் புதைக்க வேண்டும் என்று. முந்தின ஆண்டே தலைநகர் கட்டும் வேலையிலிருந்து ஆட்கள் ஓடிப்போவதாக அரசு புலம்பியிருக்கிறது. 10-ஆம் மாதத்தில் வந்த ஆணை, வழிநெடுகத் தானியத்தை விற்பனைக்கு வைக்கச் சொல்லி, பயணம் போகிறவர்கள் காசை எடுத்துக்கொண்டு போகட்டும் என்றது. வானம் அருளிய செம்பு கடைசியில் பசித்தவன் கைக்குச் சாப்பாட்டுக் காசாக வந்து சேர வேண்டும் என்பது நல்ல திட்டம்தான், எத்தனை பேர் கைக்கு அது போயிருக்கும் என்பது வேறு கதை.

713-இல் ஒவ்வொரு பகுதியும் தன் விளைபொருள், மண்வளம், ஊர்ப்பெயர்க் காரணம், முதியவர்கள் சொல்லும் கதைகள் எல்லாவற்றையும் எழுதி அனுப்ப வேண்டும் என்று ஆணை. இப்படி உருவான நூல்கள்தான் ஃபுதோகி. இசுமோ பகுதியினுடையது மட்டுமே ஏறக்குறைய முழுமையாக மிஞ்சியிருக்கிறது.

715, ஒன்பதாம் மாதத்தில் கென்மெய் தன் மகள் கென்ஷோவிடம் அரியணையைக் கொடுத்தார். அன்றே நெங்கோ ரெய்கி ஆனது. கென்மெயின் பேரன், அதாவது மொம்முவின் அந்தச் சிறுவன், 724-இல்தான் பேரரசர் ஷோமு ஆனார்.

ஒரு பேரரசர், ஒரு பெயர்: இது எப்போது வந்தது

கென்மெய்க்கு வடோ என்று பார்த்தால் ஒருவருக்கு ஒன்று போலத் தெரியும். கென்ஷோவுக்கே ரெய்கி, யோரோ என்று இரண்டு. ஷோமுவுக்கு ஜின்கி, தென்பியோ, தென்பியோ-கன்போ. வடகிழக்கில் முத்சு பகுதியில் தங்கம் கிடைத்ததால் 749-இல் தென்பியோ-கன்போ வந்தது, சில மாதங்களில் ஷோமு பதவி விலகி மகள் வந்ததும் தென்பியோ-ஷோஹோ வந்தது. ஆக அந்த ஒரே ஆண்டுக்கு மூன்று பெயர்கள். 19-ஆம் நூற்றாண்டின் கோமெய் பேரரசர் காலத்தில் நெங்கோ ஆறு முறை மாறியது.

1868-இல் மெய்ஜி அரசுதான் ஒரு பேரரசருக்கு ஒரே நெங்கோ என்று விதி வைத்தது. இறந்தபிறகு அந்த நெங்கோவாலேயே அவரைக் குறிப்பிடும் வழக்கமும் 1912-இல் அந்தப் பேரரசர் இறந்தபோது வந்ததுதான். மெய்ஜி பேரரசர், ஷோவா பேரரசர் என்று சொல்வது அதனால் சரி. அதே பழக்கத்தில் "வடோ பேரரசர்" என்றால் தவறு. 1,200 ஆண்டுகளுக்கு மேலாக இல்லாத விதியைப் பின்னோக்கிக் கொண்டுபோய் ஒட்டுவதால்தான் முதலில் சொன்ன குழப்பம் வருகிறது.

நம் கணக்குக்கு மாற்றுவது எப்படி

பூஜ்ய ஆண்டு கிடையாது, அறிவித்த ஆண்டே 1. அதனால் வடோ ஆண்டோடு 707-ஐக் கூட்டினால் கி.பி. ஆண்டு வரும். வடோ 5 என்றால் 712. யோரோ 717-இல் தொடங்கியதால் அதற்கு 716-ஐக் கூட்ட வேண்டும்.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. அன்றைய மாதங்கள் சந்திரனை வைத்து எண்ணப்பட்டவை, புத்தாண்டு நம் ஜனவரியின் பிற்பகுதியிலோ பிப்ரவரியிலோ வரும். அதனால் ஆண்டின் கடைசி மாதத் தேதிகள் அடுத்த கி.பி. ஆண்டுக்குள் போய்விடும். கொஜிகியை எழுதிய அதே யசுமரோவின் கல்லறை 1979-இல் நாராவின் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிடைத்தது, அதிலிருந்த செப்புத் தகட்டில் அவர் பெயரும் முகவரியும் பதவியும் இருக்கின்றன. இறந்த ஆண்டை 60 ஆண்டு வட்டத்தில் குறித்துவிட்டு, கடைசியில் யோரோ 7, 12-ஆம் மாதம், 15-ஆம் நாள் என்று இன்னொரு தேதியும் போட்டிருக்கிறார்கள், பழைய முறையும் புதிய முறையும் ஒரே தகட்டில். 716-ஐக் கூட்டினால் 723 வரும். ஆனால் அந்த நாள் மேற்கத்திய நாட்காட்டியில் 724 ஜனவரியில் விழுகிறது. இரண்டு புத்தகங்களில் ஓராண்டு வித்தியாசம் கண்ணில் பட்டால் அச்சுப்பிழை என்று முடிவு கட்டும் முன் அது 11, 12-ஆம் மாதத் தேதியா என்று ஒருமுறை பாருங்கள்.